வெயில் இரும்பை அறுத்த நாள்

அவையின் நடுவே வீற்றிருந்து எங்களை நெறிப்படுத்தும் தலைவர் அவர்களே, முன்வரிசைக்கு முகமாய் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, மடியில் மழலையும் முகத்தில் மலர்ச்சியுமாய் வந்திருக்கும் தாய்மார்களே, பட்டறையைப் பூட்டிவிட்டுக் கைக்கரியைக்கூடக் கழுவாமல் ஓடி வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, நாற்காலி கிடைக்காமல் கதவோரம் நிற்கும் தம்பி தங்கைகளே, உங்கள் அனைவரையும் கரம் குவித்து வணங்குகிறேன்.

எனக்கு இங்கே இரண்டு பதவிகள். ஒன்று, இரும்புப் பட்டறையாளர் சங்கத்தின் செயலாளர். அது நீங்கள் கொடுத்தது. மற்றொன்று, நாத்தனார், அது என் அண்ணன் கல்யாணம் செய்ததால் வந்தது. முதல் பதவியை அடுத்த தேர்தலில் நீங்கள் பறித்துக்கொள்ளலாம். இரண்டாவதைப் பறிக்க எவராலும் ஆகாது. அந்த உரிமையில்தான் இன்று என் அண்ணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

என் அண்ணி ஆராய்ச்சிக்காரர். அவர் ஆசைப்பட்டது என்ன? வெயிலை மட்டுமே உண்டு வேலை செய்யும் லேசர். லேசர் உங்களுக்குப் புதிதா? இரும்பைத் துணிபோல் கத்தரிக்கும் ஒளி அது. ஆனால் அதற்குத் தீனி மின்சாரம். வெயிலைத் தகட்டில் பிடித்து மின்சாரமாக்கி, மின்சாரத்தை விளக்காக்கி, விளக்கை லேசராக்கினால் வழியெல்லாம் தரகர்கள். ஆளுக்கொரு பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தானே அனுப்புவார்கள்? அண்ணி கேட்டார்: “நடுவுல யாருமே வேணாம். நேரா வெயிலையே, லேசர் பொறக்கற படிகத்துக்குள்ள விட்டா என்ன?”

கேட்பது எளிது. செய்து காட்டுவது எளிதா?

பெரிய குழிக்கண்ணாடி ஒன்றில் வெயிலைத் திரட்டி, சுண்டுவிரல் பருமனுள்ள படிகத் தண்டு ஒன்றின்மேல் பாய்ச்சினார். தண்டு வெடித்தது. இன்னொன்று வைத்தார். அதுவும் வெடித்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் இடம் போதாமல் என் பட்டறை முற்றத்துக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்தார். அங்கேயும் வெடித்தது. எங்கள் பட்டறையில் இரும்பைப் பற்றவைப்பவர் ஒருவர் உண்டு. ‘பொறி’ என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். அவர் சொன்னார்: “அண்ணி, இதுக்குப் பேசாம பட்டாணி வறுத்து வித்திருக்கலாம்.” அண்ணியும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அன்று மாலை, உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டபோது அவர் சிரிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தச் சமயத்தில் ஆராய்ச்சிக்கூடம் ஓர் ஆணை அனுப்பியது. பயன் தெரியவில்லை, மாதக் கடைசியோடு இந்த வேலையை மூடிவிடுங்கள் என்று. அதே வாரம் அண்ணனுக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தது. வீட்டில் பெட்டிகள் கட்டத் தொடங்கினார்கள். அண்ணன் கோபக்காரரல்லர். இருந்தும் அன்று கேட்டுவிட்டார்: “இன்னும் எத்தனை நாளைக்கு உன் பின்னாடியே இந்த வெயில் வரும்? நமக்கும் ஒரு வாழ்க்கை வேணாமா?”

அண்ணி சொன்னார்: “கடைசியா ஒரே ஒரு தடவை பண்ணிப் பாத்துடறேங்க. ஆகலைன்னா நானே பெட்டியைக் கட்டறேன்.”

தோழர்களே, அந்தக் கடைசித் தடவைக்கு அவர் கையில் இருந்தது என்ன? ஒரு புது யோசனை. பாத்திரம் துலக்கிக்கொண்டே என்னிடம் சொன்னார்: “ஒத்தைத் தண்டு மேலயே எல்லா வெளிச்சத்தையும் கொட்டறேன். அது சூடு தாங்குமா? மெல்லிசா நாலு தண்டு வெச்சுப் பிரிச்சுக் கொடுத்தா, குளிர வைக்கற தண்ணியும் நல்லா சுத்தி ஓடும், சூடும் இறங்கிடும்.” இன்னொன்றும் செய்தார். வெயிலின் எல்லா நிறத்தையும் படிகம் உண்ணாது. உண்ணாத நிறங்கள் சும்மா சூடாகிப் போகும். வேறொரு பொருளைக் கடுகளவு கலந்து படிகம் வளர்த்தால், அந்தப் பொருள் சில நிறங்களை வாங்கி, படிகத்துக்கு ஏற்றதாய் மாற்றிக் கொடுக்கும். அப்படி வளர்த்த தண்டுகள் நான்கே நான்கு. மாற்று கிடையாது.

ஆணையிட்ட ஆராய்ச்சிக்கூடக் குழு என் பட்டறை முற்றத்துக்கே நேரில் பார்க்க வந்தது. அதன் தலைவர், இதோ இதே மேடையில் அமர்ந்திருக்கிறார், அன்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “சீக்கிரம் ஆரம்பிங்கம்மா, எங்களுக்கு வேற வேலை இருக்கு” என்றார். கோபிக்காதீர்கள் ஐயா, நடந்ததைத்தானே சொல்கிறேன்.

பொறி சக்கரத்தைச் சுற்றிக் கண்ணாடியைச் சூரியனை நோக்கித் திருப்பினார். அண்ணி மறைப்புத் தகட்டை விலக்கினார். அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. கறுப்புக் கண்ணாடி அணிந்து நாங்கள் எல்லோரும் எஃகுத் தகட்டையே பார்த்தோம். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு ஒரு புள்ளி சிவந்தது. சிவந்தது வெளுத்தது. வெளுத்த இடத்திலிருந்து தீப்பொறி பறந்தது.

அந்த நொடியில் மின்சாரம் போனது.

பின்னால் யாரோ, “லேசருக்குத்தான் கரண்டு வேணாமே” என்கிறார். சரியாகக் கேட்டீர்கள். லேசருக்கு வேண்டாம். தண்டுகளைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்புக்கு வேண்டுமே. அண்ணி பாய்ந்து மறைப்பை மூடினார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நான்கும் நொறுங்கியிருக்கும். குழுவினர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒருவர் காரை நோக்கி நடக்கவே தொடங்கிவிட்டார்.

முற்றத்தின் மூலையில் நின்றிருந்தார் என் அண்ணன். அந்த இயந்திரத்தை அவர் பார்க்க வந்ததே அன்றுதான். மெதுவாகக் கேட்டார்: “தண்ணி ஓடினாப் போதுமா?”

“போதும். ஆனா நிக்காம ஓடணும்.”

“மேல தொட்டி நிறைய இருக்கு. அது ஓடறதுக்குக் கரண்டு எதுக்கு?”

அண்ணி தொட்டியைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். “மாட்டுங்க” என்றார். அலுவலகச் சட்டையோடு அண்ணன் மண்டியிட்டு, பம்புக் குழாயைக் கழற்றித் தொட்டிக் குழாயில் மாட்டினார். இணைப்பு ஒழுகியது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் முகத்தில் அடித்தது. “திற, நான் புடிச்சிருக்கேன்” என்றார்.

அண்ணி திறந்தார்.

தெருவெங்கும் மின்சாரம் இல்லை. என் முற்றத்தில் எஃகு உருகியது. அக்கம்பக்கத்து இயந்திரமெல்லாம் ஊமையாய் நின்றன. என் முற்றத்தில் எஃகு உருகியது. கம்பி இல்லை, மின்கலம் இல்லை, எண்ணெய் இல்லை. வானத்து வெயில் ஒன்றே வந்து வார்த்தை தவறாமல் எஃகை அறுத்தது. தகடு இரண்டாகி ‘டங்’ என்று தரையில் விழுந்தது. என் காதுக்கு அதைவிட இனிய இசை இதுவரை வாய்க்கவில்லை.

குழுத் தலைவர் கட்டிய கையைப் பிரித்தார். “இன்னொரு தடவை பண்ணிக் காட்டறீங்களா அம்மா?”

“வெயில் இருக்கு சார். போதும்னு நீங்க சொல்ற வரைக்கும் காட்டறேன்.”

மூன்று தகடுகள் அறுபட்டன. காரை நோக்கிப் போனவர் திரும்பி வந்து முன்வரிசையில் நின்றார். ஆணை கிழிந்தது. வீட்டில் கட்டிய பெட்டிகளை அண்ணனே அவிழ்த்தார். “கட்டினது நான், அவுக்கறதும் நான்தான்” என்றார். புது வேலைக்கு அவர் போகவில்லை.

மழைக்காலத்தில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மழைக்காலத்தில் நனைவோம். இது எல்லாப் பொழுதுக்கும் ஆன கருவி என்று அண்ணியும் சொல்லவில்லை. ஆனால் மேகமே இல்லாத விண்வெளியில்? கம்பியே எட்டாத மலையில், தீவில்? அங்கே கொட்டிக் கிடக்கும் வெயில் யாருக்கு? கும்பிட்டவர்க்குக் கடவுளாய், உலர்த்தியவர்க்கு அடுப்பாய் இருந்த வெயிலை, உழைப்பவர் கைக்குக் கருவியாய்க் கொடுத்தவர் யார்? என் அண்ணி அல்லவா?

அண்ணி, கொஞ்சம் எழுந்து நில்லுங்கள். அண்ணா, நீங்களும்தான்; தனியாக உட்கார்ந்து என்ன செய்யப் போகிறீர்கள்? பார்த்துக்கொள்ளுங்கள் மக்களே, கைதட்டல் இவர்களுக்கு. நாளைக்காலை என் பட்டறையில் இரண்டாவது கண்ணாடி ஏறுகிறது. வேலை கற்க வருகிறவர்கள் வரலாம், வாசல் திறந்திருக்கும்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், நடுநடுவே கேள்வியால் என்னை நிமிர்த்திய தோழர்களுக்கும், வாய்ப்பளித்த தலைவர்க்கும் நெஞ்சார்ந்த நன்றி சொல்லி, அனைவரையும் மீண்டும் வணங்கி அமர்கிறேன்.