ஒரு யூனிட்டுக்கு எத்தனை வேலை?

அன்று இந்த மன்றத்தைக் காலி செய்யச் சொன்னவரும், இன்று இதே மன்றத்தின் வெற்றி விழாவுக்கு வெட்கப்படாமல் தலைமை தாங்குபவருமான கட்டிடக்கார அண்ணன் அவர்களே! மெலிந்த உடலோடும் மெலியாத மனத்தோடும் முன்வரிசையில் வீற்றிருக்கும் எங்கள் அறிவிப்பாளர் அக்கா அவர்களே! அக்காவின் சக்கர நாற்காலிக்கு அருகே, புதுச்சட்டையின் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அமர்ந்திருக்கும் கடைசல் பட்டறை அண்ணன் அவர்களே! அறிவில் மூத்த பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே, அணைத்தோமா இல்லையா என்று இப்போது யோசிக்கத் தொடங்கிய தாய்மார்களே! இடமில்லாமல் மாடிப்படியில் தொற்றிக்கொண்டிருக்கும் இளைஞர்களே! இருபத்திரண்டு ஆண்டுகளாக உங்கள் வீட்டு வாசலில் நின்று மின்சார மீட்டர் பார்க்கும் இந்த எளியவளின் வணக்கம்! உங்கள் வீட்டு நாய்கள் அனைத்துக்கும் என்னை நன்றாகத் தெரியும். உங்களுக்குத்தான் இன்று தெரிகிறது.

மீட்டர் பார்ப்பவளுக்கு மேடையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் ஒரு பெருங்கணக்கு இருக்கிறது. தசைகளைத் தளர்த்தி, தளர்த்தி, மனிதரை நாற்காலியோடு முடக்கும் ஒரு நோய்க்கு எந்த மருந்து பொருந்தும் என்று தேடும் கணக்கு. ஒரே கணினியில் போட்டால் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் முடியாது. ஆகவே அதைத் துண்டு துண்டாக நறுக்கி, "உங்கள் கணினியில் கொஞ்சம் போட்டுத் தாருங்கள்" என்று இணையம் வழியே ஊர் ஊராக அனுப்புகிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் வேலை. கூலி கிடையாது, கும்பிடு கூடக் கிடையாது. இப்படிக் கணினியைக் கொடையாகக் கொடுக்கும் தொண்டுக்காகத்தான் இந்த மன்றத்தைக் கடைசல் அண்ணன் தொடங்கினார்.

ஏன் தொடங்கினார்? அவர் மனைவிக்காகத் தொடங்கினார்! பதினெட்டு ஆண்டுகள் நம் பேருந்து நிலையத்தை ஆண்ட குரல் எங்கள் அக்காவின் குரல். எத்தனை பேரை ஓடவைத்த குரல்! எத்தனை பேரைச் சரியான ஊருக்கு அனுப்பிய குரல்! அந்த நோய் முதலில் அக்காவின் கால்களைப் பிடித்தது. பிறகு தோள்களைப் பிடித்தது. கடைசியில் தொண்டைக்கு வந்தது. இன்று அக்கா பேசுவதில்லை. மடியில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக எழுதுகிறார்.

கணவர் என்ன செய்தார்? ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய இருபது பழைய கணினிகளை இலவசமாக வாங்கி வந்து, இதோ இந்தக் கட்டிடத்தின் மாடி அறையில் அடுக்கினார். ஆராய்ச்சி நிலையத்துக்கு வாக்கும் கொடுத்தார். தொண்ணூறு நாளில் பத்தாயிரம் வேலை! ஒரு கணினி நாளைக்கு ஆறு வேலை முடிக்கும். இருபது சேர்ந்தால் நூற்றிருபது. தொண்ணூறு நாளில் பத்தாயிரத்தையும் தாண்டும். காகிதத்தில் கணக்கு கச்சிதமாக இருந்தது.

நான் மீட்டர் பார்க்க வந்தேன். எண்ணைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். மேலே யாரோ திருட்டுத்தனமாக வெல்டிங் பட்டறை நடத்துகிறார்கள் என்றே முடிவு செய்து, கோபத்தோடு கதவைத் தட்டினேன். திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. உள்ளே அண்ணன் பனியனோடு நின்றார்.

"என்னண்ணே நடக்குது இங்க?"

"மருந்து தேடுறோம்மா."

"மருந்தா? ஒரு நாளைக்கு அறுபத்தேழு யூனிட் ஓடுது! ஒரு தெருவுக்கே விளக்கு எரிக்கலாம்!"

"கம்ப்யூட்டர் எல்லாம் சும்மா கிடைச்சதும்மா" என்றார், பெருமையாக.

சும்மா கிடைத்ததாம்! என் அருமைப் பெரியோர்களே, சும்மா வந்த விருந்தாளி சாப்பிடாமலா இருப்பான்? என்ன, அந்தப் பக்கம் ஒரு தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறீர்கள்? நான் உங்கள் மைத்துனரைச் சொல்லவில்லை, கணினியைத்தான் சொல்கிறேன்!

அப்போதுதான் கீழேயிருந்து நம் தலைவர் படியேறி வந்தார். கீழே இவருக்குக் காகிதப்பை ஒட்டும் தொழில். மதியமானால் மேலே பிரேக்கர் விழும்; கீழே மிஷினும் நின்றுபோகும். அன்று இவர் சொன்னதை இவர் முன்னாலேயே சொல்கிறேன்.

"பத்து நாள் டைம் தர்றேன். கரண்ட்டைக் குறைங்க, இல்லேன்னா ரூமைக் காலி பண்ணுங்க. உங்க மருந்து வர்றதுக்குள்ள என் பொழப்பு போயிடும் போலிருக்கு!"

தலைவர் சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை.

அறை போனால் மன்றம் போகும். மன்றம் போனால் மனைவிக்காகத் தம்மால் ஆன ஒரே வேலையும் போகும். கடைசல் எந்திரத்தில் இரும்பையே சீவிய அந்த மனிதர் என்னிடம், "எப்படியாவது பார்த்துச் சொல்லும்மா" என்று கேட்டுக்கொண்டார். வந்தது எச்சரிக்கை கொடுக்க. ஏற்றுக்கொண்டது எடை போடுகிற வேலை!

என் பையில் ஒரு சிறு மீட்டர் இருக்கும். பிளக்கில் அதைச் சொருகி, அதன்மேல் கணினியைச் சொருகினால், அது எவ்வளவு இழுக்கிறது என்று பொய்யில்லாமல் சொல்லும். ஒரு பழைய கணினியைச் சொருகினேன். நூற்று நாற்பது வாட். நாளைக்கு மூன்றரை யூனிட் சுமார். முடிப்பதோ ஆறே வேலை. ஒரு யூனிட்டுக்கு இரண்டு வேலை கூடத் தேறவில்லை! போதாததற்கு, பிரேக்கர் விழும் போதெல்லாம் அரைகுறையில் நின்ற வேலைகள் வீண். காகிதத்தில் நூற்றிருபது; கைக்கு வந்தது எண்பது. எண்பதை வைத்துக்கொண்டு எந்தக் காலத்தில் பத்தாயிரத்தை எட்டுவது?

மறுநாள் அண்ணனையும் மீட்டரையும் அழைத்துக்கொண்டு கணினிக் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி, இருப்பதிலேயே பெரிய பிராசஸர் போட்ட கணினியை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார்.

"மேடம், இது சும்மா பறக்கும்!"

"பறக்கட்டும் தம்பி. பறக்கறதுக்கு எவ்வளவு தின்னும்?"

"அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க மேடம்."

"நான் அதைக் கேக்கத்தான் சம்பளம் வாங்கறேன். போடுங்க பார்ப்போம்."

போட்டார். மருந்துக் கணக்கையே கடையில் ஓடவிட்டோம். நாளைக்கு நூற்றுப்பத்து வேலை முடிக்கும் வேகம்! ஆனால் என் மீட்டர் முந்நூற்றைம்பது வாட் காட்டியது. யூனிட்டுக்குப் பதின்மூன்று வேலை. சரி, அந்த மூலையில் தூசி படிந்திருக்கும் நடுத்தரம் என்ன என்று கேட்டேன். "அது ரெண்டு வருஷம் பழசு மேடம், விலை இறங்கிப்போச்சு" என்று கூச்சத்தோடு எடுத்தார். தொண்ணூறு வாட். நாற்பது வேலை. யூனிட்டுக்குப் பதினெட்டுக்கு மேல்! பெரியது ஒன்றின் விலைக்கு இதில் மூன்று வரும். அத்தோடு விட்டேனா? மூச்சிரைக்க ஓடாதே, நிதானமாக ஓடு என்று செட்டிங்கில் ஒரு கடிவாளம் போடச் சொன்னேன். வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. மின்சாரம் நாலில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. இப்போது யூனிட்டுக்கு இருபத்துமூன்று! கடைக்காரத் தம்பி காகிதத்தை என்னிடமிருந்து வாங்கித் தாமே ஒரு முறை வகுத்துப் பார்த்துக்கொண்டார்.

நாலு போதும் என்றேன். நாலுக்கும் சேர்த்து நாளைக்கு நூற்று நாற்பத்துநாலு வேலை. ஆறேகால் யூனிட் மின்சாரம். பழைய இருபதையும் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டு, மன்றத்தார் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் வாங்கிவிடலாம்.

அண்ணன் மறுத்துவிட்டார்.

"நாலா? இருபது ஓடற இடத்துல நாலா? ஒண்ணைக்கூட நிறுத்த மாட்டேம்மா. ஒண்ணு நின்னா, அவளுக்கு ஒரு நாள் போச்சுன்னு எனக்குத் தோணுது."

என்ன சொல்வேன்? எண்ணைக் காட்டினேன், அவர் பார்க்கவில்லை. அன்புக்கு முன்னால் என் மீட்டர் என்ன செய்யும்? ஒவ்வொரு நாளாகப் போனது. எட்டாவது நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அக்காவை நாற்காலியோடு நாலு பேர் தூக்கி மாடிக்குக் கொண்டுவந்தார்கள். வரச் சொன்னது நானில்லை. அவரே எழுதிக் காட்டி வந்தார். என் காகிதத்தைக் கேட்டு வாங்கினார். வரி வரியாகப் படித்தார். பிறகு நோட்டை மடியில் வைத்து எழுதத் தொடங்கினார். நாங்கள் நின்றோம். அறை கொதித்தது. இருபது விசிறிகள் இரைந்தன. கணவரிடம் நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

"எனக்காகத்தானே ஓடுது? அப்போ நிறுத்தற உரிமையும் எனக்குத்தான்."

அக்கா நாற்காலியை உருட்டச் சொன்னார். தலைக்குமேல் உயர்த்த முடியாத கையால், தரையோரம் இருந்த ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தார். ஒன்று அணைத்து ஓய்வெடுப்பார், அடுத்ததற்கு நகர்வார். நாங்கள் உதவ முன்வந்தபோது முறைத்தார். இருபதாவதை அணைத்தபோது, என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மீட்டர் நின்றதைக் கண்டு நான் அழுதேன். அண்ணனும் அழுதார். பிறகு அவரே முதல் கணினியைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

அடுத்து என்ன நடந்தது? பத்தாவது நாள் நாலு புதுக் கணினிகள் ஓடின! அறை குளிர்ந்தது! கீழே பை மிஷின் ஒரு நிமிடம் கூட நிற்கவில்லை! பிரேக்கர் விழவில்லை, வேலை வீணாகவில்லை, வாக்குத் தவறவில்லை! தொண்ணூறு நாள் கெடு. எழுபத்தைந்தாம் நாளே முடிந்தது பத்தாயிரம்! இருபது பேர் இழுக்க முடியாத தேரை நாலு பேர் இழுத்து நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று சொல்லவா? இல்லை. ஒருத்தி இழுத்தாள் என்று சொல்கிறேன்!

கைதட்டல் போதும், கொஞ்சம் பொறுங்கள். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நேற்று ஒரு கடிதம் வந்திருக்கிறது. நாம் அனுப்பிய பத்தாயிரத்தில் மூன்று விடைகள் அடுத்த கட்டச் சோதனைக்குப் போகின்றன. மூன்று! இந்த மாடியில் பிறந்த மூன்று! அதே கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அதை மறைத்தால் நான் மீட்டர் பார்ப்பவளே அல்ல. மருந்தாக வர இன்னும் பல ஆண்டுகள் ஆகுமாம். அக்காவிடம் அதை எப்படிச் சொல்வது என்று நான் தயங்கினேன். அவர் நோட்டில் எழுதினார்: "முன்னாடியே தெரியும். யாரோ ஒருத்திக்குக் கிடைக்கும் இல்ல?"

அம்மா! தாயே! உனக்குக் கிடைக்காது என்று தெரிந்தும், யாரோ ஒருத்திக்காக ஒரு யூனிட்டைக்கூட வீணாக்க மாட்டேன் என்றாயே! எவ்வளவு இருக்கிறது என்று எண்ணுகிற உலகத்தில், இருப்பது எவ்வளவு செய்கிறது என்று கேட்டாயே!

இந்த அவையிலே எனக்கு எந்த மாலையும் வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அக்காவால் எழுந்து நிற்க முடியாது. நம்மால் முடியும். தலைவர் அவர்களே, முதலில் நீங்கள். தாய்மார்களே, பெரியோர்களே, படியில் இருக்கும் பிள்ளைகளே, எழுந்திருங்கள்! எல்லோரும் எழுந்திருங்கள்! அக்கா உட்கார்ந்தபடி பார்க்கட்டும், இந்த ஊர் மொத்தமும் அவருக்காக எழுந்து நிற்பதை!

நின்ற உங்கள் கால்களுக்கும், கேட்ட உங்கள் காதுகளுக்கும், இடம் கொடுத்த தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!