எலோய்க்கு இல்லாத கேடயம்

அவைக்குத் தலைமை தாங்கும் எங்கள் தமிழ் விளையாட்டுச் சங்கத்தின் தலைவர் குலசேகரம் அவர்களே, அவருக்கு அருகே, நான் பேசும் மொழி புரியாமலேயே புன்னகை பூத்திருக்கும் கால்பந்துக் கழகப் பிரதிநிதி அவர்களே, கோலியர்ஸ் வுட்டிலிருந்தும் இல்ஃபோர்டிலிருந்தும் ரயில் மாறி ரயில் மாறி இந்தக் கிங்ஸ்பரி மண்டபத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளையின் சப்பாத்துப் பையைத் தோளிலும் பிள்ளையின் கனவை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் எல்லோரையும் இந்த இம்மாகுலேற் சுபாஸ்கரன் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

எனக்குக் கேடயம் தரப்போகிறார்களாம். மேசையில் பளபளக்கிறது. "எங்கள் வீரர்களுக்கு இல்லம் தந்த தாய்" என்று பொன்னெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். வீரர்கள் என்றால் எந்த வீரர்கள்? என் வீட்டில் தங்கியவர் ஒரே ஒருவர். அவருக்குப் பெற்றவர்கள் இட்ட பெயர் இல்லையா? அதைப் பொறிக்க அந்தப் பித்தளையில் இடம் இல்லையா? இடம் இருந்தது. மனம் இல்லை. ஆகவே நான் சொல்கிறேன். எலோய் கார்பாய்யோ. ஸ்பெயின் தேசத்தவர். நடுக்கள ஆட்டக்காரர்.

தலைவர் விருந்தினரின் காதில் மொழிபெயர்க்கிறார் போலிருக்கிறது. நல்லது ஐயா. சீனி சேர்க்காமல் சொல்லுங்கள்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது பத்தொன்பது வயது. வெளிநாட்டிலிருந்து வரும் இளம் வீரர்களைக் கழகம் குடும்பங்களோடு தங்கவைக்கும். அப்படித்தான் வந்தார். கழகத்தின் பெயரை நான் உச்சரிக்கப்போவதில்லை. எனக்குப் பின்னால் பதாகையில் பெரிதாகத் தொங்குகிறது, நீங்களே வாசியுங்கள். அவருடைய ஊர் ஸ்பெயினின் வடமேற்குக் கரை. தாய்க்கு, மீனைத் தகரத்தில் அடைக்கும் ரின் மீன் தொழிற்சாலையில் வேலை. முதல் நாள் நான் ரின் மீன் கறி வைத்தேன். ஒரு வாய் வைத்தார், கண் கலங்கிவிட்டது. உறைப்பாக்கும் என்று நான் தண்ணீர் எடுத்துவந்தேன். "இல்லை அன்ரி, அம்மான்ர கை மணக்குது" என்றார். அவர் சொன்னது உடைந்த ஆங்கிலத்தில். நான் எங்கள் தமிழில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

தாய்மார்களே, நடுக்கள ஆட்டம் என்றால் என்ன? கோல் போடுபவனுக்குக் கைதட்டல் உண்டு. கோல் காப்பவனுக்குக் கட்டித்தழுவல் உண்டு. நடுவில் நிற்பவனுக்கு என்ன உண்டு? ஓட்டம் உண்டு. எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பான், தன் தோழனின் காலுக்குக் கொடுப்பான், மீண்டும் ஓடுவான். எலோய் பந்தைத் தடுத்தால் அது அவர் பாதத்தில் பூனைக்குட்டி போலப் படுத்துக்கொள்ளும். வானத்திலிருந்து விழுந்தாலும் சத்தமே இருக்காது. பந்தென்றாலே கொட்டாவி விடும் என் கணவர் சுபாஸ்கரன், அவரைப் பார்க்கவென்று பஸ் ஓட்டும் ஷிப்டை மாற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போகத் தொடங்கினார்.

எலோய் முதல் அணிக்கு ஏறினார். அப்போது என் வாசலில் நின்றவர்கள் யார்? படம் பிடிக்க நின்றவர்கள், சட்டையில் கையெழுத்து வாங்க நின்றவர்கள், "எங்கட பெடியன்" என்று தோளில் கைபோட்டவர்கள் யார்? ஏன் சிரிக்கிறீர்கள் சண்முகராசா அண்ணை? நீங்களும் நின்றீர்கள். நான்தான் உங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன்.

பிறகு முழங்கால் வீங்கியது.

குளிர்காலம். அவர் என் குசினிக் கதிரையில் இருந்து, உறைந்த பட்டாணிப் பையை முழங்காலில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கழக வைத்தியர் சின்ன அழற்சி என்றாராம். ஆட்டத்துக்கு முன்னர் ஓர் ஊசி. நோவு மறையும், விளையாடலாம். அடுத்த ஆட்டத்துக்கு இன்னோர் ஊசி.

"நோகுதெண்டு சொல்லன் தம்பி," என்றேன்.

"சொன்னனான் அன்ரி."

"அதுக்கு என்ன சொன்னவை?"

"எல்லாருக்கும் நோகும் எண்டினம். நான் ஏலாதெண்டா அந்த இடத்துக்கு வேற ஆள் வருவான். பிறகு நான் எங்க போறது?"

அந்தக் காலோடு அவர் ஓடினார். ஓட்டம் குறைந்தது. அதே மைதானம், அதே மக்கள், ஊளையிட்டார்கள். "காசுக்கு விளையாடுறான், கால் அசையுதில்லை" என்று எங்கள் ஆட்களும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து தீர்ப்பு எழுதினார்கள். உள்ளே என்ன கிழிந்துகொண்டிருக்கிறது என்று எவருக்குத் தெரியும்? தெரிந்தவர்கள் ஊசியோடு நின்றார்கள்.

வசந்தத்தில் ஓர் அரையிறுதி. ஒருவரும் அவரை மோதவில்லை, ஒருவரும் இடறவில்லை. திரும்பினார், விழுந்தார். சுபாஸ்கரன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எழும்பு மகன், எழும்பு" என்று முணுமுணுத்தார். எலோய் எழும்பவில்லை.

கழகத்துக்கு வெளியே ஒரு சத்திரசிகிச்சை நிபுணரிடம் நானும் கூடப் போனேன். அந்த அம்மையார் ஸ்கான் படங்களைப் பார்த்தார். "குளிர்காலத்திலேயே ஓய்வு கொடுத்திருந்தால் இந்தக் கால் தப்பியிருக்கும். உங்களை விளையாடவிட்டது யார்?" என்று கேட்டார். எலோய் தலை குனிந்திருந்தார். குற்றம் செய்தவரைப் போலக் குனிந்திருந்தார். யார் குனிந்திருக்க வேண்டும், அவையோரே? எந்தத் தலை குனிந்திருக்க வேண்டும்?

ஒப்பந்தம் முடிந்தது என்று தொலைபேசியில் சொன்னார்கள். அவருடைய சப்பாத்துகள் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. எப்படி? கறுப்புக் குப்பைப் பையில். பொதி கொண்டுவந்தவர் என்னிடம், "இது குப்பையோ, சாமானோ?" என்று கேட்டார். நான் பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

கழகத்தை மட்டும் கடிந்தால் நான் கண்ணியமற்றவள். எலோய் பிறகு எங்கள் சங்கத்திடம் வந்தார். எங்கள் பெண்பிள்ளைகளின் அணியைப் பழக்கித் தருகிறேன் என்று, இதே தலைவர் முன்னால், தடியை ஊன்றியபடி கேட்டார். அவர் வெளியே போனதும் கமிட்டியில் ஒருவர், தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கும் என்னிடம் சொன்னார்: "நொண்டுற ஆளை வைச்சு என்னத்தைப் பழக்கிறது, ரீச்சர்? நாலு பேருக்குத் தெரிஞ்ச பேர் வேணும்." கதவு சாத்தியிருக்கவில்லை. எலோய்க்குத் தமிழ் பேச வராது. ஆனால் மூன்று வருடம் என் வீட்டில் இருந்தவருக்கு நொண்டி என்ற சொல் விளங்காதா?

என்ன, பின்வரிசையில் நேரம் போகிறது என்கிறீர்களா? ஓம், போகிறது. சாப்பாடு ஆறாது, சூடாக்கி வைத்திருக்கிறார்கள்.

போன கோடையில் அவருடைய ஊருக்குப் போனோம். தாய் வேலை செய்த அதே தொழிற்சாலையின் வான் வண்டியை ஓட்டுகிறார். மாடிப்படியில் இறங்கும்போது பின்பக்கமாக, ஒவ்வொரு படியாக இறங்குகிறார். முப்பது வயது ஆகவில்லை. கடைத் தொலைக்காட்சிகளில் கால்பந்து ஓடினால் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார். முற்றத்தில் அவருடைய அக்காவின் சின்ன மகள் பந்தை அவர் பக்கம் உதைத்தாள். மெல்ல உருண்டு வந்தது. பூனைக்குட்டி போலப் பந்தைப் படுக்கவைத்த அந்தப் பாதம் அசையவில்லை. குனிந்தார். கையால் எடுத்தார். கையால் கொடுத்தார். சுபாஸ்கரன் எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

இன்று இந்தச் சங்கம் அதே கழகத்தோடு ஒப்பந்தம் செய்கிறது. எங்கள் பிள்ளைகளை அங்கே பயிற்சிக்கு அனுப்பப்போகிறது. அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆட்டத்தை நான் வெறுக்கவில்லை. கமிட்டியிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. பிள்ளையின் உடம்பைப் பற்றிப் பேசும் அறையில் பெற்றவர் ஒருவர் இருக்க வேண்டும், கழகத்திடம் சம்பளம் வாங்காத வைத்தியர் ஒருவர் பார்க்க வேண்டும். இதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள் என்றேன். வந்த பதில் என்ன? "இதுகளைக் கேட்டா அவையள் கோவிச்சுக்கொண்டு போயிடுவினம், ரீச்சர்." கோபிக்கட்டுமே. எங்கள் பிள்ளைகளின் முழங்காலைவிட அவர்களின் முகம் மென்மையானதா? ஒரு பிள்ளைக்கு நோகிறது என்றால், நோகிறது என்று சொல்ல உரிமை இல்லாத மைதானம் மைதானமா? கசாப்புக்கடையா?

இதை எழுதாமல் கையெழுத்து வைக்கக்கூடாது என்று நினைப்பவர்கள் எழுந்து நில்லுங்கள். கைதட்ட வேண்டாம். கைதட்டல் எனக்கு அலுத்துவிட்டது. எழுந்து நில்லுங்கள்.

ஜதுர்ஷிகா எழுந்துவிட்டார். அவருடைய மகள் கழகப் பயிற்சிக்கான முதல் தெரிவில் இருக்கிறாள், ஆனாலும் எழுந்துவிட்டார். அந்த ஓரத்தில் றூபன். கதவருகே கனகாம்பிகை அக்கா, கைத்தடியோடு. வேறு யார்? இவ்வளவுதானா? முன்வரிசை கதிரையோடு ஒட்டிக்கொண்டது. தலைவரே, பேனையின் மூடியைக் கழற்றிவிட்டீர்கள், கண்டேன். எழுதுவதானால் அந்த ஒரு வரியை எழுதுங்கள். எழுதாவிட்டால், இந்த மூன்று பேரும் நானும் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி இந்தக் கதையைச் சொல்லுவோம்.

கேடயம் எனக்கு வேண்டாம். அதில் அவர் பெயர் இல்லை.

பொறுமையோடு கேட்ட அவையோரே, எழுந்து நிற்பவர்களுக்கு என் நன்றி. அமர்ந்திருப்பவர்களுக்கு என் வணக்கம்.