கிருத்திகை அன்னிக்கு வுட்ட மீனு

நாளைக்கேவா வலை போட்டுப் பாக்கணும்? இன்னா சார் அவ்ளோ அவசரம்? ஏரியில மீனே இல்லன்னு யாரோ உங்களுக்குத் தப்பா சொல்லிகீறாங்க. கட்லா ஒண்ணொண்ணும் என் கை நீளம் கீது. நம்ம கடைப் பொரிய ஒரு பிடி போட்டா மதகாண்ட வந்து வாயத் தொறக்குது. புடிக்கத்தான் ஆளு இல்ல.

ஏன்னு என்னைக் கேக்கறீங்களே! கெடுத்தவரே நீங்கதான். ஆங், நீங்கதான் சார், சிரிக்காதீங்க.

இவ்ளோ பெரிய மீன்வளத்து ஆபீசரு, குஞ்சு வுட வேற நாளே கெடைக்கலியா? போயும் போயும் கிருத்திகை அன்னிக்கு வந்தீங்க. வந்தவரு சும்மா கொட்டிட்டுப் போனீங்களா? கரையில தேங்கா ஒடச்சி, சூடம் கொளுத்தி, திருத்தணி மலையப் பாத்து ஒரு கும்புடு வேற. அப்பால மைக்கப் புடிச்சிக்கினு, வுட்டாச்சி வுட்டாச்சின்னீங்க. எங்க ஊர்ல சூடம் காட்டி ஒண்ண வுட்டா இன்னா அர்த்தம்? சாமிக்கு நேர்ந்து வுட்டதுன்னு அர்த்தம். கோயிலுக்கு வுட்ட மாட்ட எவனாச்சும் புடிச்சி ஏர்ல கட்டுவானா?

அரசாங்க மீனுதான், ஜனங்க சாப்புடத்தான், ஒத்துக்கறேன். பக்கத்து ஏரியில சூடம் இல்லாமதான வுட்டீங்க? வெரல் நீளம் வளர்றதுக்குள்ள வழிச்சிட்டாங்க. நெத்திலின்னு சொல்லி வித்தாங்களாம்! இங்க காவலுக்கு ஒரு ஆளு கெடையாது, கொழுத்துக் கெடக்குது. உங்க திட்டம் எந்த ஏரியில பலிச்சிது, நீங்களே சொல்லுங்க.

எங்க வூட்டுக்காரரு ஜெகநாதனக் கேளுங்க. மீன் கொழம்பு இல்லன்னா மூஞ்சத் தூக்கி வெச்சிக்குவாரு. அவரே அரக்கோணம் போய் ஐஸ் மீன் வாங்கிக்கினு, இந்த ஏரிக்கரை மேலதான் நடந்து வர்றாரு.

சாமி மீன் இல்லன்னு மைக்குல சொல்லப் போறீங்களா? சொல்லுங்க. ஊரு கேட்டாலும் கேக்கும்.

அன்னிக்கு வேடிக்கை பாத்த எங்க கையிலயும் ஆளுக்கொரு மீன்குஞ்சுப் பையக் குடுத்து, அவுத்து வுடுங்கன்னீங்களே, ஞாபகம் கீதா? எனக்கும் ஒண்ணு குடுத்தீங்க. எம் பொண்ணு சினேகாவுக்கு மறுநாள் வேலூர்ல ஆபரேசன். மாத்துத் துணி எடுக்க வூட்டுக்கு வந்தவ, அப்பிடியே கரையில நின்னுட்டேன். அவ பேரச் சொல்லி, பொழைக்க வெய்யி முருகான்னு அழுதுகினேதான் அந்தப் பைய அவுத்தேன். தோ, உங்களுக்கு டீ வெச்சிட்டுப் போறாளே, அவதான்.

அந்தப் பையில இருந்ததுங்க எது எதுன்னு எனக்கு அடையாளம் தெரியல நைனா. உனக்குத் தெரிஞ்சா, மத்தத எல்லாம் வாரிக்கினு போ.