ஸ்பிரிட்டில் கரைந்த போர்வை

தலைவர் அவர்களே! மேடையில் கலங்கி அமர்ந்திருக்கும் மருத்துவர்களே! ஷிப்ட் முடிந்து நேரே இங்கு வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, தாய்மார்களே!

நம் டாக்டர் கஸ்தூரியம்மாள் போய்விட்டார். அவரது சோதனைச்சாலையில் ஆறாண்டு உதவியாளனாக இருந்த கருணாகரன் நான். என்ன பேசுவேன்!

அக்கி வந்தால் நாம் எங்கே போகிறோம்? வடலூர்க் குயவர் வேணுவிடம் போய்க் காவியால் எழுதிக்கொண்டு வருகிறோம். காவி பூசிய கொப்புளத்தில் டாக்டர் சோதனைக்கு எப்படி நீர் எடுப்பார்? கோபித்தாரா? இல்லை! பஸ் ஏறி வேணுவிடமே போனார். "எல்லாத்தையும் எழுதுங்கய்யா. ஒரே ஒரு கொப்புளத்த மட்டும் எனக்கு வுட்டுடுங்க" என்றார். அன்று முதல் வேணு ஒன்றை விட்டுவிட்டுத்தான் எழுதினார்.

அக்கிக்கும் ஒருவகை மூளைக்காய்ச்சலுக்கும் காரணம் ஒரே குடும்பத்துக் கிருமிகள். அவற்றுக்கு மேல்போர்வை எப்படி வருகிறது என்பதே அவர் வாழ்நாள் கேள்வி. குறிஞ்சிப்பாடி நெசவாளி மகளல்லவா, அப்படித்தான் சொல்வார்: "அது செல்லுக்குள்ள பூந்து, தனக்கு வேணுங்கிற புரதத்த அந்தச் செல்லையே செய்ய வெக்குதுப்பா. நம்ம தறிப் பாவுல அது தன்னோட நூலக் கோக்குற மாதிரி, அந்தப் புரதத்த உட்கருவோட சவ்வுல கோத்துடுது. அப்புறம் அந்தச் சவ்வையே போத்திக்கினு வெளிய வருது."

நான்கு ஆண்டுக்கு முன் செங்கமலம் அம்மாவின் ஐந்து வயது மகள் செல்லக்கிளி மூளைக்காய்ச்சலில் இறந்தாள். "எம் பொண்ணுக்கு இன்னா வந்துச்சின்னு மட்டும் சொல்லிடுங்கம்மா" என்று அந்தத் தாய் சம்மதிக்க, மூளையிலிருந்து துளித் திசு எடுத்தோம். ஐஸில் மட்டுமே வைத்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினோம். அங்கே வளர்த்துப் பார்த்ததில் கிருமி எதுவும் வளரவில்லை என்று பதில் வந்தது. திசுவில் ஸ்பிரிட் பட்டிருந்தது. அந்தப் போர்வையில் கொழுப்பு உண்டு, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். போர்வை போன கிருமி எப்படி வளரும்?

"நான்தான் கெடுத்துட்டேன்" என்று டாக்டர் அந்தத் தாயிடம் சொன்னார்.

பொய்! அறுத்தெடுத்த கட்டிகளை ஸ்பிரிட்டில் போட்டுவைக்கும் பழக்கத்தில் இந்தத் திசுவிலும் அதை ஊற்றியவன் நான். அப்போது காண்ட்ராக்டில் இருந்தேன். பெர்மனென்ட் ஆக ஒரு மாதம் பாக்கி. "நீ சும்மா இரு" என்றார். சும்மா இருந்தேன், பாவி!

டாக்டர் அவர்களே, உங்கள் ஐஸ் பெட்டியை இனி நான் சுமப்பேன். உங்கள் கேள்வியைக் கைவிட மாட்டோம். இது உறுதி.

செங்கமலம் அம்மா, கடைசி வரிசையில் இருக்கிறீர்கள். நான்கு ஆண்டாக டாக்டரோடு நீங்கள் பேசவில்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அவர் ஒன்றும் செய்யவில்லை, அம்மா. இப்போது என்னைப் பாருங்கள். அந்தக் கோபம் எனக்குச் சேர வேண்டியது.