கொடிக்குப் பதிலா ஒரு பெல்லு

அந்த டிரில்லைக் கீழ வைங்க தம்பி. உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஒயரு இழுக்க வந்தீங்க, இழுத்துட்டுப் போகப் போறீங்க. ஆனா நான் பேசி முடிக்கிற வரைக்கும் இந்தப் பெட்டியில ஒரு ஓட்டை விழக் கூடாது, சொல்லிட்டேன்.

என்ன சொன்னான் உங்ககிட்ட? இன்ஜின்ல ஒரு பெல்லு, டிக்கெட் கவுண்டர்ல ஒரு பட்டன், கடைசிப் பெட்டியில இருக்கிற தனி சீட்டைக் கழட்டிடுங்க, அவ்வளவுதானே? அது யாரு சீட்டுன்னு சொன்னானா? சொல்ல மாட்டானே. அது என் சீட்டு. அவன் இந்த வண்டிக்கு டிரைவரு, நான் கார்டு. நான் பின்னாலருந்து பச்சைக் கொடி காட்டினாத்தான் வண்டி நகரும். இந்தப் பார்க்குக்குள்ள குட்டி ரயில் விட்ட நாள்லருந்து அதான் சட்டம்.

என் அண்ணன்தான். கூடப் பொறந்தவன். வெளியாள் முன்னாடி அவருன்னு சொல்லணும்தான், இன்னிக்கு வாயில வரமாட்டேங்குது.

சிரிக்கிறீங்க. குழந்தைங்க ஏறுற வண்டிக்குக் கொடி ஒரு கேடான்னுதானே? கேளுங்க. நாங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப வீட்டுக்குப் பின்னாலதான் தண்டவாளம். ரயில் போனா அலமாரியில பாத்திரம் எல்லாம் ஆடும். அம்மா எரிச்சல்ல கத்துவா, நாங்க ரெண்டு பேரும் ஜன்னலுக்கு ஓடுவோம். அப்புறம் வீட்டுல இருக்கிற நாற்காலி அத்தனையும் வரிசையாப் போட்டு, முன்னால அவன், கடைசியில நான். கையில ஒரு பச்சைத் துணி, ஒரு சிவப்புத் துணி. ஒரு நாள் பாருங்க, நான் கொடி காட்டாமலே எதிர்வீட்டுக்கு விளையாடப் போயிட்டேன். திரும்பி வந்தா அப்படியே உக்காந்திருக்கான். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கலையாம், அம்மா முதுகுல ஒண்ணு போட்டும் எழுந்திருக்கலையாம். நீ கொடியே காட்டலையே, வண்டி எப்படிக் கிளம்பும்னு என்னைக் கேக்குறான். அழுதுட்டே கேக்குறான். அப்படிப்பட்டவன்.

வளர்ந்தப்புறம் அவனுக்கு லேத்துப் பட்டறையில வேலை, எனக்கு சீட் கவர் தைக்கிற வேலை. வேலை விட்டு வந்து ரெண்டு பேரும் இரும்பை வளைச்சோம், வளைச்சோம், வளைச்சுக்கிட்டே இருந்தோம். பாத்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. உங்கண்ணனுக்கு மறை கழண்டிருச்சுடின்னாரு என் வீட்டுக்காரரு. கழண்டா நான் முடுக்கிக்கிறேன், நீங்க உங்க வேலையைப் பாருங்கன்னேன். இந்தக் குஷன் ஒவ்வொண்ணும் என் கை தம்பி. தொட்டுப் பாருங்க. கடைவீதியில ரப்பர் டயரு மாட்டி ஒண்ணு ஓட்டுறாங்களே, அது ரயிலா? மாறுவேஷம் போட்ட வேனு. இது நிஜத் தண்டவாளத்துல ஓடுற வண்டி.

அதுல எனக்கு இடம் இல்லையாம் இப்போ. என் சீட்டைக் கழட்டினா இன்னும் ரெண்டு பிள்ளைங்க உக்காரலாமாம். உனக்கும் வயசாகுது, வெயில்ல ஏன் காயிறேங்கிறான். அவனுக்கு இளையவ நான்! ஏறின ஏணியை எட்டி உதைக்கிறதுன்னா இதானே?

கண்ணு பிடரிக்குப் போயிடுச்சு தம்பி அவனுக்கு. ஒரு டீச்சரம்மா, வருஷா வருஷம் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றவங்க, நேருக்கு நேர் நின்னு சிரிக்கிறாங்க. இவன் பாட்டுக்குப் போறான். அவங்க முகமே செத்துப் போச்சு. வண்டியைப் பிளாட்பாரம் தாண்டிக் கொண்டு போய் நிறுத்துறான், கேட்டா பிரேக்கு சரியில்லையாம். பிரேக்கு நல்லாத்தான் இருக்கு, நானே ஓட்டிப் பாத்தேன். தண்ணி வாளியில போய் இடிச்சுட்டு, இதை நடுவழியில வச்சது யாருடின்னு என் மேல பாயுறான். நடுவழியாவது! அது என்னிக்கும் இருக்கிற இடம். போன வாரம் அத்தனை பிள்ளைங்க முன்னாடி, கொடியை ஒழுங்காத் தூக்கிக் காட்டேன்டின்னு ஒரு கத்து. தோள்பட்டை கழண்டு விழுற மாதிரிதான் தூக்கிக் காட்டிட்டு நிக்கிறேன். மறுநாளே இந்தப் பெல்லு பேச்சு. காலம் மாறிப் போச்சாம்.

என்ன, அவர் சொல்லித்தான் வந்தேன், அவர்தான் ஓனருங்கிறீங்களா? நானும் பாதி ஓனருதான். உக்காருங்க.

அதோ, வேலிக்கிட்ட நிக்கிறான் பாருங்க. இந்தப் பக்கமேதான் பாத்துட்டு இருக்கான். சும்மா ஒரு தடவை கையை ஆட்டுங்களேன். பரவாயில்ல, ஆட்டுங்க. இன்னும் நல்லா.

பாத்தீங்களா, பதிலுக்குக் கையைத் தூக்கவே இல்ல.

எங்க போச்சு இன்ஜின் சாவின்னு காலையிலருந்து தேடுறான். என் இடுப்புலதான் இருக்கு. தரமாட்டேன். கத்தட்டும், குதிக்கட்டும், இனி என் முகத்துலயே முழிக்காதேன்னு சொல்லட்டும். பெல்லு அடிச்சா வண்டியை எடுத்துடலாம் தம்பி. குறுக்க ஒரு குழந்தை ஓடி வந்தா எந்தப் பெல்லு அடிக்கும்? பள்ளிக்கூடம் விடுறதுக்குள்ள அவன்கிட்ட சொல்லியாகணும். வண்டியை விட்டு இறங்குடான்னு அவன்கிட்டப் போய் எந்த வாயால சொல்றது? அதான் உங்ககிட்டக் கத்திட்டு நிக்கிறேன். மனசுல வச்சுக்காதீங்க.

எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்குறீங்களா? ஒண்ணுமில்ல, நேத்து காலையில, கூட்டம் வர்றதுக்கு முன்னாடி, காலி வண்டி. எப்பவும் போலக் கடைசிப் பெட்டியில ஏறி நின்னு, தலைக்கு மேல நல்லாத் தூக்கி, சிவப்புக் கொடியைக் காட்டினேன்.

விசில் அடிச்சுட்டுக் கிளம்பிட்டான்.