கூரையில் சாக்கு ஏற்றலாம் என்ற கையொப்பம்

லுணுகலைப் பொலிஸ் நிலையம், 1954 நவம்பர் 18, வியாழக்கிழமை. சப்-இன்ஸ்பெக்டர் முன்னிலையில் தமிழில் பதியப்பட்டது.

என் பெயர் சிற்றம்பலம் குணமணி. வயது நாற்பத்து நான்கு. பி.ஏ. பட்டம் பெற்றவள், மணமாகாதவள், லுணுகலையில் ஆசிரியை. கிளென்மோரா தேயிலைத் தோட்டத் தொழிற்சாலையின் இஞ்சினியர் பத்மநாதன் என் தம்பி. அவருடைய தோட்டத்து வீட்டிலேயே வசிக்கிறேன். கடந்த செவ்வாய்க்கிழமை தோட்டத்து நீர்த்தேக்கத்தில் படகு கவிழ்ந்து, கொழுந்து பறிக்கும் கருப்பம்மா இறந்தார். அதற்காகப் படகோட்டி பொன்னையா பிடித்து வைக்கப்பட்டிருக்கிறார். இதுபற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்ல நானாகவே வந்தேன்.

என் தம்பி தோட்டத்துக்கு வருமுன் பதினான்கு வருடம் கப்பல்களில் இஞ்சினியராக இருந்தவர். அளவுக்கு மேல் பாரம் ஏற்றிய ஒரு கப்பலை ரங்கூனில் தாம் புறப்படவிடாமல் மறித்த கதையை விருந்தினர் வரும்போதெல்லாம் சொல்வார். அது நடந்ததா என்பது எனக்குத் தெரியாது. கேட்பவர்கள் தலையாட்டுவார்கள் என்பது தெரியும்.

தொழிற்சாலைக்கு எதிர்க்கரையிலுள்ள மலையிலிருந்து ஆட்களையும் கொழுந்தையும் கொண்டுவரத் தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரை ஒரு படகு கேட்டார். என் தம்பி வரைந்து கொடுக்க, படகு கட்டப்பட்டது. அதன் பின்னர் ஆட்களுக்குப் பதிலாக அரிசி மூட்டைகளை அடித்தட்டில் அடுக்கிப் படகைச் சாய்த்துப் பார்த்தார். அது நிமிர்ந்தது. அதன் பின்னர் துரை, கொழுந்து நசுங்காமல் வருவதற்குப் படகின் மேல் ஒரு கூரை போட்டு அதில் சாக்குகளை ஏற்ற வேண்டும் என்றார். அன்றிரவு சாப்பாட்டின்போது என் தம்பி, பாரம் கீழே இருந்தால் படகு நிமிரும், மேலே போனால் நிமிராது என்று எனக்குப் பாடம் சொன்னார். துரையிடம் சொன்னீரா என்று கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அதன் பின்னர் கூரை போடப்பட்டது. மறுபடி சோதனை செய்யப்படவில்லை. முப்பது பேரும் கூரையில் கொழுந்துச் சாக்குகளும் ஏற்றலாம் என்று எழுதி, தம் பெயரும் பட்டமும் இட்டுக் கையொப்பம் வைத்தார். அது கண்ணாடி போட்டுப் படகுத்துறையில் மாட்டப்பட்டது. அன்று மாலை துரை பங்களாவில் அவருக்குத் தேநீர் கொடுத்தார்கள். அந்தக் கோப்பைகளின் ஓரத்தில் பொன் வளையம் இருந்ததாக வீட்டுக்கு வந்து சொன்னார்.

லுணுகலை பஸ் நிற்பது எதிர்க்கரையில். படகில் போனால் எனக்கு நடை மிச்சம். ஆனால் படகு ஓடத் தொடங்கிய அன்றே என் தம்பி என்னிடம், "அக்கா, நீங்கள் அதில ஏறவேண்டாம். றோட்டால சுத்திப் போங்கோ" என்றார். அப்படியானால் கொழுந்துக்குப் போகிற சனம் என்று கேட்டேன். "அவையளுக்குப் பழகிப்போயிடும்" என்றார்.

அவரும் அதில் ஒருநாளும் ஏறவில்லை. ஒருமுறை துறையில் கருப்பம்மா எல்லோரும் கேட்க, "என்னாங்கய்யா, நீங்க கட்டுன கப்பலுக்கு நீங்களே வரமாட்டேங்குறீங்க? பொண்டுக கூட்டம்னு வெக்கமா?" என்றார். பெண்கள் சிரித்தார்கள். தமக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று என் தம்பி பதில் சொன்னார். பதினான்கு வருடம் கடலில் சம்பளம் வாங்கியவர்.

நான் பொன்னையாவிடம் போய், சாக்குகளைக் கூரையில் ஏற்றாதே என்றேன். அவர், "கீழ போட்டா கங்காணி ஏசுவாருங்க டீச்சரம்மா. இஞ்சினியர் ஐயாவே கையெழுத்துப் போட்டிருக்காருங்களே, அதுக்கு மேல நான் என்னாங்க சொல்றது?" என்றார். என் பேச்சைவிட அந்தக் கையொப்பத்தை நம்பியதற்காக அவரைக் குறைசொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை மாலை பஸ்ஸால் இறங்கினேன். மழை. கொழுந்து நனைந்திருந்தது. கூரையில் சாக்குகள் இருந்தன. ஆட்கள் முப்பதுக்குக் குறைவு. கருப்பம்மா, "வாங்க டீச்சரம்மா, எடம் இருக்கு, மடியிலயாவது ஒக்கார வச்சுக்குறேன்" என்று கூப்பிட்டார். சாக்குகளை இறக்கச் சொல்லிக் கத்தினேன். கங்காணி கையை வீசிப் படகை விடச் சொன்னார். நடுத்தண்ணீரில் காற்று வந்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிரவில்லை. மற்றவர்கள் பலகைகளைப் பிடித்துக் கரையேறினார்கள். கருப்பம்மா கூரைக்கு அடியில் அகப்பட்டார். பொன்னையா திரும்பத் திரும்ப மூழ்கி அவரை வெளியே கொண்டுவந்தார். அப்போது உயிர் இல்லை.

அதன் பின்னர் என் தம்பி, படகோட்டி அளவுக்கு மேல் ஏற்றியதே காரணம் என்று உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். நேற்றிரவு என்னிடம், "நீங்களும் அதில தினமும் போய் வந்தனீங்கள் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ அக்கா. என்ர வேலை போயிடும்" என்றார். கருப்பம்மாவின் பெயரை அவர் சொல்லவில்லை. நான் அந்தப் படகில் ஒருமுறையும் ஏறியதில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் கேட்டதற்குச் சொல்வது: ஏற வேண்டாம் என்று அவர் என்னிடம் சொன்னது சகோதர பாசத்தால் என்று எழுதலாமா என்று கேட்டீர்கள். எழுதலாம். ஆபத்து தெரிந்திருந்ததால்தான் அந்தப் பாசத்தைக் காட்ட முடிந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னதே எழுதப்பட்டிருக்கிறது. தம்பிக்காக எதையும் குறைக்கவில்லை, பொன்னையாவுக்காக எதையும் கூட்டவில்லை. எல்லாம் உண்மை.

(ஒப்பம்) சி. குணமணி