தொட்டியில்லாச் சுடுநீரும் எங்கள் வீட்டுக் குளியல் வரிசையும்

இந்த மன்றத்திற்கு மாண்பும் இந்த மாலைக்கு மணமும் சேர்த்து நடுநாயகமாக வீற்றிருக்கும் தலைவர் திருமதி தனலெட்சுமி அவர்களே, நரை கூடியும் நகைச்சுவை குறையாத மூத்தோர்களே, பிள்ளையை இடுப்பிலும் பலகாரத்தைக் கையிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, செனாய்த் தொழிற்சாலைக்குப் புறப்படும் வழியில் எட்டிப் பார்த்து, எழுந்து போகவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் வாசலோரம் நிற்கும் இளைஞர்களே, இரண்டாம் வரிசையில் புன்னகை பூத்து அமர்ந்திருக்கும் ஹீட்டர் கடைத் தம்பி ரூபேந்திரன் அவர்களே, கூலாயில் நம் தாமான் குடியிருப்பைத் தாய்வீடாகக் கொண்ட அனைவருக்கும் அடியேன் ஐயாசாமியின் அன்பில் குழைத்தெடுத்த வணக்கம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, “தொட்டியில்லாத சுடுநீர் ஹீட்டர் வீட்டுக்காரர்களுக்கு விலைக்கேற்ற பயன் தருமா?” என்பது. திருமண மேடையில் வாழ்த்தியிருக்கிறேன். துக்க வீட்டில் இரங்கியிருக்கிறேன். தண்ணீர் சூடாவதைப் பற்றித் தமிழில் முழங்குவது இதுவே முதல் முறை. ஐயாசாமி வீட்டில் இரண்டு வகை ஹீட்டரும் இருக்கின்றன, அவருக்குத்தான் தெளிவாகத் தெரியும் என்று செயற்குழு தீர்மானித்ததாம். தெளிவு தேடி வந்த பெருமக்களே, ஊரிலேயே அதிகம் குழம்பியவனைத் தேடிப்பிடித்து ஒலிபெருக்கி முன்னால் நிறுத்தியிருக்கிறீர்கள்.

என்ன சொல்கிறார் அந்த ஐயா? “எது நல்லதுன்னு சொல்லிட்டு எறங்குங்க, சாப்பிட வெச்சிருக்கிற மீகூன் ஆறுது” என்கிறார். ஐயா, அந்த ஒரு சொல் எனக்குத் தெரிந்திருந்தால் மீகூனுக்கு முதலில் ஓடுகிறவன் நானாகத்தான் இருப்பேன்.

அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். கூரைக்கும் சிலிங்குக்கும் நடுவே ஒரு தொட்டி இருக்கும். குளிக்கப் போகும் முன்பே விசையைத் தட்டினால், அந்தத் தொட்டியில் உள்ள நீர் காய்ந்து காத்திருக்கும். அள்ள அள்ளக் குறையாதது அன்பு. அள்ள அள்ளக் குறைவது அந்தத் தொட்டி. இன்னொன்று, சுவரில் சின்னப் பெட்டியாகத் தொங்குவது. அதற்குத் தொட்டியும் இல்லை, காத்திருப்பும் இல்லை. குழாயைத் திறந்தால் நீர் ஓடும்போதே சூடாகும். இந்தப் பெட்டியைத்தான் தாமான் முழுவதும் சேர்ந்து, சலுகை விலையில் வாங்கலாமா என்று இன்று வாக்கெடுக்கப் போகிறோம்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். என் அக்கா கிருஷ்ணம்மா, நான், என் துணைவியார் யோகேஸ்வரி, மகன் கவின், மருமகள் நர்மதா. தீபாவளியன்று மூத்தவர் முதலில் எண்ணெய் வைத்துக் குளிப்பதும், வயது வரிசையில் மற்றவர் குளிப்பதும் நம் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம். எங்கள் வீட்டில் மட்டும் அந்த வழக்கம் தீபாவளியோடு நிற்கவில்லை. திங்களுக்கும் வந்தது, செவ்வாய்க்கும் வந்தது, வருடம் முழுவதும் வந்தது. முதலில் அக்கா. பிறகு நான். பிறகு யோகேஸ்வரி. கவின் போகும்போது நீர் வெதுவெதுப்பு. நர்மதா போகும்போது தொட்டி காலி. மறுபடி காயும்வரை காத்திருக்கலாம் என்றால், அவளுடைய தொழிற்சாலைப் பேருந்து காத்திருக்காது.

போன ஆண்டு ஒரு நாள் கவின் வந்து நின்றான். “அப்பா, நானும் நர்மதாவும் ஸ்கூடாய்ல வாடகை வீடு பார்க்கிறோம். தீபாவளி முடிஞ்சதும் போயிடலாம்னு இருக்கோம்.”

“ஏன்பா, இங்க என்ன கொறை?”

“நர்மதாவுக்கு சுடுதண்ணி கெடைக்கல.”

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். சொத்துக்காகப் பிரிந்த குடும்பம் உண்டு, சொல்லுக்காகப் பிரிந்த குடும்பம் உண்டு. சுடுதண்ணீருக்காக ஒரு குடும்பம் பிரியுமா? ஆனால் அவன் சிரிக்கவில்லை. அவனுக்குப் பின்னால் ஈரத் தலையோடு நின்ற நர்மதாவும் சிரிக்கவில்லை. எனக்கு இருப்பது ஒரே மகன், பெரியோர்களே. அவனும் அவளும் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன்.

உடனே விசாரணையில் இறங்கினேன். தம்பி ரூபேந்திரன் சொன்னார்: “அங்கிள், தண்ணி ஓட ஓட சூடாகும். மொத ஆளுக்கு என்ன சூடோ, கடைசி ஆளுக்கும் அதே சூடு. குளிக்கிற நேரத்துக்கு மட்டுந்தான் லெட்ரிக்.” ஆகா, அருமை என்றேன்.

லெட்ரிக் வேலை பார்க்கும் வேலுவைக் கேட்டேன். “நல்ல சாமான்தான் லா, அண்ணே. ஆனா ஓடுற நேரத்துல அது இழுக்கிற கரண்டு கொஞ்சநஞ்சமில்ல. ஒங்க வீட்டுப் பழைய வயர் தாங்காது. மெயின் சுவிட்ச் பெட்டியிலேருந்து தனியா தடிச்ச வயர் இழுக்கணும். காலையில தண்ணி மெதுவா வந்தா பம்ப்பு வேற வேணும்.” ஆகா, ஆபத்து என்றேன்.

தொட்டியே போதும், பெரிய தொட்டியாக மாற்று என்றார் ஒருவர். அது காயும்வரை லெட்ரிக் பில்லும் சேர்ந்து காயும் என்றார் மற்றொருவர். இதைக் கேட்டால் அது சரி, அதைக் கேட்டால் இது சரி. கடைசியில் என் இல்லத்தரசியைக் கேட்டேன். “ஊரெல்லாம் கேக்குறீங்களே, ஒங்கக்கா ஏன் அரைமணி நேரம் குளிக்கிறாங்கன்னு கேட்டீங்களா?” என்றார்.

அக்கா முன்வரிசையில்தான் இருக்கிறார். அவரிடம் அனுமதி வாங்கிவிட்டுத்தான் சொல்கிறேன். முறைப்பதைப் பார்த்தால் அனுமதி இப்போது ரத்தாகிவிட்டது போலிருக்கிறது.

மகன் போய்விடக்கூடாதே என்ற பதற்றத்தில், தீபாவளிக்கு முன்பே பின்பக்கக் குளியலறையில் பெட்டியை மாட்டச் சொன்னேன். தனி வயருக்குச் சுவரைக் கொத்த வேண்டும் என்றார் வேலு. பண்டிகைக்கு வெள்ளையடித்த சுவரைக் கொத்துவதா? தீபாவளி முடியட்டும், இப்போதைக்குச் சமையலறை வயரிலேயே கொடுங்கள் என்றேன். அவர் மறுத்துவிட்டார். அறிந்தவன் மறுத்தால் அறியாதவன் என்ன செய்வான்? அறியாத இன்னொருவனைத் தேடுவான். தேடினேன், அவனை வைத்தே மாட்டினேன்.

தீபாவளி விடிந்தது. அக்கா எல்லார் தலையிலும் எண்ணெய் வைத்தார். சீயக்காய் கரைந்தது, புத்தாடை மஞ்சள் வைத்துக் காத்திருந்தது. மேலே தொட்டி காய்கிறது. பின்னால் நர்மதா புதுப் பெட்டியைத் தட்டிப் பார்க்கிறாள். சமையலறையில் யோகேஸ்வரி சட்னிக்கு அரைக்கிறார். ஒரு சத்தம். ஒரு நாற்றம். வீடே இருண்டது. விசைப்பெட்டியைத் திறந்தால் வயர் கருகியிருக்கிறது. “அலமாக்” என்றான் கவின்.

வேலுவை அழைத்தேன். “அண்ணே, நானும் தலையில எண்ணெயோடதான் நிக்கிறேன். எதையும் தொடாதீங்க, குளிச்சிட்டு வரேன்” என்றார். சொன்ன பேச்சைக் கேட்காதவனிடமும் கோபப்படாத அந்தத் தம்பி நீடூழி வாழ்க.

எண்ணி மகிழுங்கள் அந்தக் காட்சியை. ஐந்து பேர், ஐந்து தலையிலும் எண்ணெய். சோபாவில் உட்கார முடியாது, சுவரில் சாய முடியாது. கண்ணில் வேறு வழிகிறது. பலகாரம் சாப்பிட அண்டைவீட்டு மலாய்க் குடும்பமும் சீனக் குடும்பமும் வந்துவிடுவார்கள். பண்டார் தெங்காராவிலிருந்து நர்மதாவின் பெற்றோர் வேறு கிளம்பிவிட்டார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நர்மதா கேஸ் அடுப்பில் பெரிய சட்டியை ஏற்றினாள். முதல் வாளியைக் கலந்து வைத்துக் கூப்பிட்டாள்: “பெரியத்தை, தண்ணி ரெடி. நீங்க மொதல்ல வாங்க.”

அக்கா நகரவில்லை. “ஒங்கம்மா அப்பா வர்ற நேரம். எண்ணெத் தலையோட அவங்க முன்னாடி நிப்பியா? நீ போ. எனக்கு என்ன அவசரம், நான் கடைசியில குளிச்சிக்கிறேன்.”

அவையோரே, இது அறவுரை அல்ல, அவசரம். வரிசை தலைகீழானது. நர்மதா குளித்தாள். கவின் குளித்தான். யோகேஸ்வரி குளித்தார். நான் குளித்தேன். ஐந்தாவது வாளிக்குச் சட்டியை ஏற்றினால், அடுப்பு நீலமாய் ஒரு முறை எரிந்து அணைந்தது. ஒரு வாரமாக முறுக்கு சுட்ட வீட்டில் கேஸ் தோங் உருளையில் என்ன மிச்சமிருக்கும்? பண்டிகை நாளில் கொண்டுவந்து தர ஆளும் இல்லை. அதற்குள் வாசலில் கார் சத்தம். அக்கா யாரிடமும் ஒன்றும் கேட்காமல், துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அரைமணி நேரம் குளிக்கிற அக்கா அன்று போன வேகத்தில் வெளியே வந்தார். உதடு நடுங்குகிறது. எண்ணெய் முழுதும் போகவில்லை. நேரே நர்மதாவிடம் போய், அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “இந்தத் தண்ணியிலயா பிள்ள இத்தன நாளும் குளிச்ச?”

நர்மதா அவர் தோளில் சாய்ந்தாள். அழுதுவிட்டாள். அவளுடைய பெற்றோர் பலகாரத் தட்டோடு வாசலில் நின்று, யார் செத்துப்போனது என்று தெரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார்கள்.

ஸ்கூடாய் வாடகை வீடு என்ன ஆனது என்று கூட்டத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார். பண்டிகை முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். வேலு வந்து சுவரைக் கொத்திக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லையே என்றேன். நர்மதா சொன்னாள்: “நான்தான் மாமா வரச் சொன்னேன். நல்ல தடிச்ச வயரா இழுக்கச் சொல்லிட்டேன், ரொம்ப வருசம் தாங்கணும்ல.” நான் உடனே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆகவே, பெருமக்களே, விலைக்கேற்ற பயன் உண்டா? உண்டு என்றால், வயர் கருகியதே. இல்லை என்றால், மருமகள் தங்கினாளே. அவளைத் தங்கவைத்தது சுவரில் தொங்கும் பெட்டியா, பெட்டி கெட்டுப்போன அந்தக் காலையா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. இப்போது எங்கள் வீட்டில் புதுக் குழப்பம் வேறு. “நீ போ மொதல்ல”, “இல்ல நீங்க போங்க” என்று ஐந்து பேரும் உபசரித்துக்கொண்டு நிற்கிறோம், மேலே தொட்டி வீணாய்க் கொதிக்கிறது.

தலைவர் அவர்கள் வாக்கெடுப்புத் தாளைக் காட்டுகிறார். வருகிறேன், அம்மா. அதற்கு முன் இந்த அவைக்கு ஒரே ஒரு விண்ணப்பம். இங்கே பேசியவர் யார்? நான். வீட்டில் குளித்தது எத்தனையாவது ஆள்? இரண்டாவது. எனக்கு முன்பு பேசிய செயலாளர்? முதல் ஆள், அவரே சொன்னார். சூடு கண்டவர்கள் நாங்கள் கூடி, சூடு வேண்டுமா என்று தீர்மானம் போடலாமா? குளிராதவன் கையில் கொடுக்கலாமா குளிருக்கான தீர்ப்பை? தொட்டி காலியான பிறகு குழாயைத் திறக்கும் கை எதுவோ, அந்தக் கைதானே உயர வேண்டும்?

எனவே என் வாக்கை நான் விட்டுக்கொடுக்கிறேன். என்னைப் போன்றவர்களும் விட்டுக்கொடுங்கள். உங்கள் வீட்டில் கடைசியாகக் குளிப்பவர் மட்டும் இன்று வாக்களிக்கட்டும். வேண்டும் என்றால் வாங்குவோம், முதலில் வேலுவைக் கூப்பிட்டு வயரைப் பார்த்துவிட்டு வாங்குவோம். வேண்டாம் என்றால் தொட்டியே இருக்கட்டும். எதுவானாலும் அவர்கள் வாய் திறந்து சொல்லட்டும்.

எங்கே, கடைசியாகக் குளிப்பவர்கள் கையை உயர்த்துங்கள் பார்ப்போம். கூச்சம் வேண்டாம். ஒன்று, இரண்டு, அந்த மூலையில் ஒரு கூட்டமே இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஐயாமார்களே, திரும்பிப் பாருங்கள், உங்கள் வீட்டுக் கைகள்தான். எண்ணுவதற்குத் தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தலைவர் அவர்களே. அம்மா, நீங்களுமா?

பொறுத்திருந்து கேட்ட உங்கள் அன்புக்கு என் நெஞ்சு நிறைந்த நன்றி. உயர்ந்த கைகள் அத்தனைக்கும் என் வணக்கம்.